சங்கிலியும் சந்தேகமும்

மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலியும் பூட்டும் வாங்குவது கட்டுரை எழுதும் அளவுக்குப் பெரிய செய்தியா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வசதி படைத்தவர் மட்டும் வண்டி வைத்திருந்த காலத்தில் அது சிறிய செய்திதான். இன்று சங்கரன்கோவில் போன்ற ஊரில் இருசக்கர வண்டி என்பது ஏழைக் குடும்பத்தின் உழவு மாடு. விசைத்தறிக் கூடத்துக்கு இரவு வேலைக்குப் போகிறவர், விடியுமுன் பிச்சியும் கேந்தியும் மூட்டையாகக் கட்டிப் பூச்சந்தைக்குக் கொண்டுவருகிறவர், புளியங்குடியில் எலுமிச்சை வாங்கி ஊர் ஊராய் விற்கிறவர், பிள்ளையை முன்னும் மனைவியைப் பின்னும் அமர்த்தி ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர் ஆகிய எல்லாருக்கும் அதுவே கால். மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு உறங்கப் போன உழவரை நாம் கண்டதில்லை. வண்டிக்கு மட்டும் சைடு லாக் ஒன்று போதும் என்று ஊரே நம்புகிறது.

நம் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு விசைத்தறித் தொழிலாளி குடியிருக்கிறார். மாதத் தவணையில் வண்டி வாங்கி இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. இரவு வேலைக்குச் சென்றவர், வழக்கம்போல் தறிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியை ஒடித்துப் பூட்டிவிட்டு உள்ளே போனார். காலை ஆறு மணிக்கு வெளியே வந்தபோது மரம் இருந்தது, வண்டி இல்லை. விசைத்தறி ஓடும் இடத்தின் பக்கமாகச் சென்றவர்களுக்கு அந்த ஓசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. சுவருக்கு அப்பால் ஒருவன் சம்மட்டியால் அடித்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. நெசவாளருக்குச் சோறு போடும் ஓசையே அன்றிரவு திருடனுக்குக் காவல் நின்றது.

பிறகு நடந்தவற்றை விரித்துரைப்பது அவசியம். ஏனெனில், நம் வாசகர் பலருக்கும் இது தெரியாது. காவல் நிலையத்தில் மனு கொடுத்தார்; முதலில் சி.எஸ்.ஆர். ரசீதும், பின்னர் முதல் தகவல் அறிக்கையும் கிடைத்தன. காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். ஐந்து ஆண்டுக்கான பத்திரம் அது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டி வாங்குவோர் ஐந்தாண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்பது விதி. அதாவது, நம் வண்டியால் பிறருக்கு விபத்து நேர்ந்தால் அதற்கான ஈடு. வண்டியே களவுபோனால் கிடைக்கும் ஈடு வேறு. அந்தப் பகுதியைப் பெரும்பாலும் முதலாண்டுக்கு மட்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதன்பின் ஆண்டுதோறும் நாமே புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டு என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டு என்று நம்பியிருந்தார் அவர். அவரைப்போல் நம்பியிருப்போர் எத்தனை பேரோ! புதுப்பித்திருந்தாலும் வழி நேரானதன்று. வண்டியின் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கேள்வி எழும். வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல் துறை சான்று தர வேண்டும். கிடைக்கும் தொகையும் தேய்மானம் கழித்த மதிப்பே. கடன் தீராதிருந்தால் அது முதலில் கடன் கொடுத்தவருக்கே போகும். அவருக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை. ஒரு காசும் வரவில்லை. இல்லாத வண்டிக்குத் தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதைப் பண இழப்பு என்று சொல்லி நிறுத்தலாம். அந்தத் தறிக்கூடத்தில் தார் சுற்றும் பையன் ஒருவன் இருந்தான். பத்தொன்பது வயது இருக்கும். வண்டி காணாமற்போவதற்கு இரண்டு நாள் முன்பு, தன் தாய்க்கு மருந்து வாங்க வேண்டும் என்று இவருடைய சாவியை வாங்கிச் சென்று, அரைமணி நேரத்தில் திருப்பிக் கொடுத்திருந்தான். அந்தச் செய்தி யார் வாயிலிருந்து முதலில் கிளம்பிற்று என்று தெரியாது. மாலைக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. சாவியைக் களிமண்ணில் பதித்து அச்சு எடுத்திருப்பான் என்றார் ஒருவர். அவனுடைய மாமன் ஒருவர் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறாராம் என்றார் மற்றொருவர். விசாரணைக்கு அழைத்தார்கள், ஒரு மாலைப் பொழுது உட்கார வைத்தார்கள், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அத்தோடு சரி. தறிக்கூடத்தில் அத்தோடு சரியாகவில்லை. மறுநாள் முதல் அவன் உள்ளே வரும்போது சட்டையை ஆணியில் மாட்டியிருந்தவர்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் அவன் நின்றுவிட்டான். இப்போது இராஜபாளையத்தில் ஏதோ ஓர் ஆலைக்குப் பேருந்தில் போய்வருகிறான்.

கத்தோலிக்கர் மனப்பாடம் செய்யும் வரிசையில் களவு ஏழாம் கட்டளை. பொய்ச்சான்று எட்டாம் கட்டளை. போதிய ஆதாரமின்றி ஒருவரைக் குற்றவாளி என்று மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதையும் திருச்சபையின் மறைக்கல்வி எட்டாம் கட்டளையின் கீழேயே வைக்கிறது. யாரோ முகம் தெரியாத ஒருவன் இரவில் ஏழாவதை மீறினான். பகலில் ஒரு தெரு முழுவதும் சேர்ந்து எட்டாவதை மீறியது. எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இது சொல்லப்பட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் ஓர் இத்தாலியத் திரைப்படம் நம் நினைவுக்கு வருகிறது. விட்டோரியோ டி சிக்கா 1948-இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’. திரைப்படக் கலைக்கு நூறாண்டு நிறைந்த 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. போருக்குப் பிந்தைய உரோமை; வேலையற்ற அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது; சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்டுத் தருகிறாள். முதல் நாளே, அவன் ஏணிமேல் நின்று சுவரொட்டி ஒட்டும் வேளையில், சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிள் போய்விடுகிறது. பூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறுவன் புரூனோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறான். ஓர் இளைஞனைத் திருடன் என்று பிடிக்கிறான், சான்று இல்லை, அந்தத் தெருவே இளைஞனுக்காகத் திரண்டு நிற்கிறது. இறுதியில் அந்தோனியோவே பிறர் சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்முன் பிடிபடுகிறான். சைக்கிள்காரர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். அந்தச் சைக்கிளின் மேல் எழுதியிருக்கும் பெயர் ‘ஃபிடெஸ்’. இலத்தீனில் அதற்கு விசுவாசம் என்று பொருள். இயக்குநர் எண்ணிச் செய்தாரோ, அந்நாளில் அப்படி ஒரு சைக்கிள் விற்றதோ, களவுபோனது எது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. 2007-இல் வெற்றிமாறன் எடுத்த ‘பொல்லாதவன்’ படத்திலும் களவுபோன ஒரு பல்சர் வண்டியே கதையை நடத்திச் செல்லும். ஆயினும் அங்கே அடிதடி அதிகம்.

நண்பர் ஆறு மாதம் நடந்தும் பேருந்திலும் போய்வந்தார். பிறகு பழைய வண்டி ஒன்று வாங்கத் துணிந்தார். ஆர்.சி. புத்தகம் இல்லாமல் பாதி விலைக்கு ஒன்று வந்தது. ‘வண்டி போனவனுக்குத்தானே தெரியும் சார், இது யார் வீட்டு வண்டியோ’ என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைப் பற்றி எழுதலாம். திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்குவதும் குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு கூறுகிறது. திருட்டுக்கு 303-ஆம் பிரிவு. சட்டத்தைவிட எளிய கணக்கு ஒன்று உண்டு: வாங்க ஆளில்லாவிட்டால் திருடுகிறவன் வண்டியை என்ன செய்வான்? அவர் பின்னர் வாங்கிய வண்டிக்கு இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருந்தன. பழைய உடைமையாளரிடம் மறுசாவி இருக்கலாம் என்பதால் சாவித் தொகுதியை முழுவதும் மாற்றினார். அதன்பின் சங்கிலி வாங்கத் துணைக்கு வருமாறு நம்மை அழைத்தார்.

ரத வீதிப் பக்கம் ஓர் இரும்புக்கடை. கடைக்காரர் எடுத்துப்போட்ட முதல் பொருள், பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிவடப் பூட்டு. பார்வைக்குக் கட்டை விரல் பருமன், விலையும் மலிவு. உறைக்குள் இருப்பதோ தலைமுடிபோல் முறுக்கிய மெல்லிய கம்பிகள். நல்ல வெட்டுக் கத்தரி ஒன்றுக்குச் சில நொடி வேலை. தலைக்கவசத்தை வண்டியோடு கட்டிவைக்க அது போதும். வண்டியைக் கட்ட உதவாது. அடுத்து டிஸ்க் பூட்டு. முன்சக்கரத்து வட்டத் தகட்டில் மாட்டுவது. சிறியது, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். நண்பரின் வண்டியிலோ டிரம் பிரேக். அதை மாட்ட இடமே இல்லை. மாட்டியவரும் மறந்துபோய் வண்டியைக் கிளப்பினால் குப்புற விழ வேண்டியதுதான். அதனாலேயே அதனோடு கைப்பிடிவரை வரும் வண்ணக் கயிறு ஒன்றையும் சேர்த்து விற்கிறார்கள். மேலும், அது வண்டியை உருளவிடாமல் தடுக்குமே அல்லாமல் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. இருவர் தூக்கிச் சரக்கு ஆட்டோவில் வைத்துவிட்டால் பூட்டும் கூடவே போகும். கத்துகிற அலாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர் சிரித்துவிட்டார். தறிக்கூடத்தில் யார் காதில் விழும்?

எஞ்சியது சங்கிலி. கடையில் இரண்டு வகை இருந்தது. முதல் வகை, கிணற்று வாளிக்கும் நாய்க்கும் கட்டுகிற சாதாரண இரும்பு. இரண்டாவது, காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய எஃகு. இரண்டுமே துணியுறைக்குள் ஒன்றுபோல் கறுப்பாய்க் கிடந்தன. பிரித்துப் பார்த்தாலொழியத் தெரியாது. கடைக்காரர் ஒரு சிறிய அரத்தை நண்பர் கையில் கொடுத்து, ‘ராவிப் பாருங்க’ என்றார். முதல் சங்கிலியில் அரம் கடித்தது. பளபளவென்று வெள்ளைக்கோடு விழுந்தது. இரண்டாவதில் அரம் வழுக்கிக்கொண்டு போயிற்று, கண்ணாடிமேல் தேய்த்தாற்போல. கொல்லர் பட்டறையில் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது ‘சுர்’ரென்று கேட்குமே, அதே கலைதான். மேற்பரப்பு கடினமாகவும் உட்புறம் சற்று இளக்கமாகவும் இருப்பது நல்லது. முழுவதும் கடினமானால் சம்மட்டி அடியில் கண்ணாடிபோல் நொறுங்கும்.

பருமனிலும் விஷயம் இருக்கிறது. 10 மில்லிமீட்டர் வரையுள்ள சங்கிலியைக் கையால் அழுத்தும் பெரிய கத்தரி வெட்டிவிடக்கூடும். 13 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கைக்கத்தரிக்குப் பெரும்பாடு. 16 மில்லிமீட்டர் இன்னும் உறுதி. ஆனால் ஒரு மீட்டர் நீளமே ஐந்து கிலோ அளவுக்குக் கனக்கும். அதை நாள்தோறும் சுமப்பவர் ஒரு வாரத்தில் வீட்டில் போட்டுவிட்டுப் போவார். வீட்டில் கிடக்கும் சங்கிலியால் வெளியே நிற்கும் வண்டிக்கு என்ன பயன்? கண்ணிகள் உருண்டையாய் இல்லாமல் சதுரமாய் இருந்தால் கத்தரியின் வாய்க்குப் பிடி குறையும். இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்ன கடைக்காரரிடம் நண்பர் கடைசியாகக் கேட்டார்: ‘அப்ப, இதப் போட்டா எவனும் அறுக்க முடியாதுல்லா, அண்ணாச்சி?’

‘அறுக்க முடியாத சங்கிலிய இன்னும் எவனும் செய்யல. கரண்டு மெஷினு வச்சா எல்லாம் அறும். எவ்வளவு நேரத்துல அறும், எவ்வளவு சத்தம் கேக்கும், அதான் கணக்கு.’

விற்பனையைக் கெடுக்கும் இந்த உண்மையைச் சொன்ன கடைக்காரர் நம் மதிப்பில் உயர்ந்துவிட்டார். அவர் சொன்னதை 1851-இல் இலண்டன் மாநகரம் வெட்கத்தோடு கற்றுக்கொண்டது. அந்நகரின் பிராமா நிறுவனம், தன் பூட்டைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினிப் பொற்காசுகள் என்று எழுதி, கடைச் சன்னலில் 1790 முதல் வைத்திருந்தது. அறுபது ஆண்டுகள் எவராலும் திறக்க இயலவில்லை. மாபெரும் பொருட்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற பூட்டு வல்லுநர், 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்துவிட்டார். அதற்கு முன்பே சப் என்னும் நிறுவனத்தின் பேர்பெற்ற பூட்டை அரைமணி நேரத்துக்குள் திறந்திருந்தார். பூட்டின் பலவீனத்தை ஊரறியச் செய்வது திருடனுக்கு உதவாதா என்று பலர் சினந்தனர். திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாதவர்கள் வாங்குபவர்களே என்பது அவர் தரப்பு. நம் கருத்தும் அதுவே. 51 மணி நேரம் தாங்கிய பூட்டு தோற்றதாகவும் நாம் கருதவில்லை. எந்தத் திருடனுக்கு 16 நாள் ஓய்வு கிடைக்கும்? இதற்கு மாறாக, 2004-இல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் என்னும் புகழ்பெற்ற சைக்கிள் பூட்டு, சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை வட்டச் சாவித் துளையில் திணித்துத் திருகியதும் திறந்துகொண்டது. எஃகின் பருமன் குறையவில்லை. சாவித் துளை கைவிட்டது. நிறுவனம் பூட்டுகளை மாற்றித் தர நேர்ந்தது. ஆகவே வட்டச் சாவியுள்ள மலிவுப் பூட்டை நண்பர் எடுத்தபோது நாம் கையைப் பிடித்துத் தடுத்தோம்.

திண்டுக்கல் பூட்டு வேண்டும் என்பது நம் ஆசை. கையாலேயே லீவர் தகடுகளை ராவிப் பொருத்தி, மாங்காய் வடிவில் அவர்கள் செய்யும் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழர் பெருமைப்படத்தக்க கைவேலை. ஆயினும் கதவுக்கென அமைந்த பூட்டில் வளைந்த கம்பி வெளியே நீண்டு நிற்கும். கத்தரியின் வாய் நுழைய அங்கே இடம் இருக்கும். சங்கிலிக்கு உகந்தது, இரு கண்ணிகளை மாட்டியபின் கம்பி கண்ணுக்கே தெரியாத குட்டைப் பூட்டு. ஊர்ப்பற்றை ஒதுக்கிவைத்து அதையே எடுத்தோம். வீட்டுக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு இருக்கவே இருக்கிறது.

சங்கிலியைக் கட்டும் முறையில்தான் பாதிப் பாதுகாப்பு. முன்சக்கரத்தில் மட்டும் மாட்டினால் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோவார்கள். பின்சக்கரத்தையும் வண்டியின் சட்டத்தையும் சேர்த்துக் கோக்க வேண்டும். சங்கிலி தரையில் படியவே கூடாது. தரையில் கிடந்தால் கத்தரியின் ஒரு பிடியை நிலத்தில் ஊன்றி, மறுபிடியில் உடற்பாரம் முழுவதையும் செலுத்தி அழுத்தலாம். சம்மட்டிக்கும் நிலமே அடைகல்லாகிவிடும். சாவித் துளை கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் இறங்காது. எண்ணெய் விட வேண்டாம், இந்தக் கரிசல் தூசி அதில் ஒட்டிக் களிம்பாகும். பென்சில் கரித்தூள் போதும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அசையாத ஒன்றோடு வண்டியைப் பிணைக்க வேண்டும். நம் வீடுகளில் அப்படி எதுவும் இல்லை. மாடு இருந்த காலத்தில் வாசல்தோறும் கட்டுத்தறி இருந்தது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்ற பழமொழியில் வரும் தறி, மாடு கட்டும் முளையா, நெய்யும் தறியா என்று புலவர்கள் வாதிடுவர். தறி ஓசையிலேயே பிறந்து வளரும் இவ்வூராருக்கு இரண்டாவதுதான் முதலில் நினைவுக்கு வரும். இப்போது தேவைப்படுவது முதலாவது. நண்பர் ஒரு கொத்தனாரைப் பிடித்தார். தடித்த இரும்புக் கம்பியை வளையமாக வளைத்து, அடியில் குறுக்குக் கம்பிகள் பற்றவைத்து, ஒன்றரை அடி ஆழக் கான்கிரீட்டில் பதித்தார்கள். வாடகை வீடு என்பதால் உரிமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. காலி செய்யும்போது வளையத்தைப் பெயர்க்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் சம்மதித்தார். தறிக்கூடத்து வாசலில், உள்ளிருப்போர் கண்ணில் படும்படி ஓர் இரும்புக் குழாய் பதித்துத் தருமாறு தொழிலாளர் சேர்ந்து முதலாளியிடம் கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றிருக்கிறார். ஆடித் தபசுக்கு முன் முடித்தால் நல்லது. பல்லாயிரம் பேர் கூடும் அந்நாள்களில் தெருக்களெல்லாம் வண்டிகளாய் நிறைந்துவிடும்.

வளையம் இரு வீட்டுக்கும் நடுவில் அமைந்தது. அடுத்த வீட்டுக்காரர் பூ வியாபாரி. தனித்தனியே செலவழிப்பானேன் என்று சங்கிலியின் விலையில் பாதியை அவர் கொடுத்துவிட்டார். இப்போது இரண்டு வண்டிகளும் ஒரே சங்கிலியில் வளையத்தோடு கட்டுண்டு நிற்கின்றன. பூக்காரர் அதிகாலை மூன்றரைக்குத் தம் வண்டியை அவிழ்த்து, மற்றதை மறுபடி பூட்டிவிட்டுப் போக வேண்டும். அதை அவர் சரியாகச் செய்கிறாரா என்று எழுந்து பார்ப்பவர் யாரும் இல்லை. தறிக்காரர் ஒருநாள், இராஜபாளையம் பேருந்தில் அந்தப் பையனைக் கண்டதாகச் சொன்னார். பக்கத்தில் இடமிருந்தும் அவன் வந்து அமரவில்லை, இவரும் கூப்பிடவில்லையாம். ‘அவன் எடுத்திருக்க மாட்டான்னு இப்பத் தோணுது சார்’ என்றார். அவன் வீடு எங்கே இருக்கிறது என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் இருவருமாகப் போய்வருவதாகப் பேசியிருக்கிறோம்.

குட்டைப் பூட்டோடு மூன்று சாவிகள் வந்தன. ஒன்று தறிக்காரரிடம், ஒன்று பூக்காரரிடம், மூன்றாவது நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சென்ற வெள்ளிக்கிழமை விடியுமுன், சாவியை எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொல்லிப் பூக்காரர் நம் கதவைத் தட்டினார்.